பாய்வதா, பொறுப்பதா?
கால்பந்துத் தடுப்பாட்டத்தில் ஒரு காலக் கணக்கு



எங்கள் தெருக்கோடியில் ஓர் உயர்நிலைப் பள்ளி மைதானம் இருக்கிறது. மாலை நேரத்தில் அங்கே கால்பந்து ஆடும் பையன்களைச் சற்று நேரம் நின்று பார்ப்பது என் வழக்கம். சில வாரங்களுக்கு முன் அங்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஒரு பையன் தடுப்பு வரிசையில் ஆடிக்கொண்டிருந்தான். எதிரணி ஃபார்வர்டு ஒருவனுக்கு உயரமான பந்து ஒன்று வந்தது. அவன் நம் பையனுக்கு முதுகைக் காட்டியபடி நின்றான். பந்து அவன் முழங்காலில் பட்டுத் துள்ளியது. நம் பையன் எட்டொன்பது மீட்டர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஃபார்வர்டு பந்தை அடக்கினான், திரும்பினான், நிதானமாகப் பாஸ் கொடுத்தான், கோல் விழுந்தது. “ஏண்டா நின்னுக்கிட்டே இருந்தே? பாஞ்சிருக்க வேண்டாமா?” என்று கோல் கீப்பர் கத்தினான்.

பத்து நிமிடம் சென்றது. அதே ஃபார்வர்டு இம்முறை முகத்தை நேராகக் காட்டி, பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்தான். திட்டு வாங்கியிருந்த பையன் இப்போது தயங்கவில்லை. முழு வேகத்தில் பாய்ந்தான். ஃபார்வர்டு பந்தை இரண்டு முழம் பக்கவாட்டில் தட்டினான். அவ்வளவுதான். நம் பையன் அவனைத் தாண்டி ஓடிப்போய்ப் புழுதியில் விழுந்தான். மறுபடியும் கோல். “ஏண்டா பாஞ்சே? நின்னிருக்க வேண்டாமா?” என்று அதே கோல் கீப்பர் கத்தினான்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் என்னிடம் வந்தான். “சார், நின்னாலும் திட்டுறான், பாஞ்சாலும் திட்டுறான். நான் என்னதான் சார் செய்யணும்?” என்றான். அவனை இனி அணியில் சேர்க்க வேண்டாம் என்று சற்றுத் தள்ளி நின்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்ததும் என் காதில் விழுந்தது.

அவனுக்கு நான் சொன்ன பதிலையே இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன். அது வீரத்தைப் பற்றிய பதில் அன்று. வினாடிகளைப் பற்றிய ஒரு கணக்கு. வகுப்பில் நீங்கள் படித்த இயக்கச் சமன்பாடுகளே அதற்குப் போதும்.

நெருக்குதல் என்றால் என்ன?

தடுப்பாட்டக்காரருக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, கோலுக்குச் செல்லும் வழியை அடைத்து நிற்பது. மற்றொன்று, பந்து வைத்திருப்பவரை நெருங்கி அவருடைய நேரத்தையும் இடத்தையும் பறிப்பது. இந்த இரண்டாவது வேலையைத்தான் ‘பிரஸ்ஸிங்’ என்கிறார்கள். நாம் அதை நெருக்குதல் என்றே சொல்வோம்.

இது மிகப் பழைய உத்தி அன்று. 1960-களில் சோவியத் நாட்டின் டைனமோ கீவ் அணியைப் பயிற்றுவித்த விக்டர் மஸ்லோவ் இதனை ஒழுங்குபடுத்தியவர்களுள் ஒருவர். அந்த அணி 1966, 1967, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து சோவியத் சாம்பியன் ஆயிற்று. பின்னர் ரீனஸ் மிக்கெல்ஸ் பயிற்றுவித்த நெதர்லாந்து அணி, 1974 உலகக் கோப்பையில் உருகுவே அணிக்கு எதிராக ஆடியபோது உலகமே வியந்து பார்த்தது. உருகுவே வீரர் ஒருவர் பந்தைத் தொட்டதும், ஈக்கள் மொய்ப்பது போல நாலைந்து நெதர்லாந்து வீரர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆட்டம் 2-0 என்று முடிந்தது.

ஆனால் படம் பார்த்தவர்கள் பலர் ஒரு செய்தியைக் கவனிக்கவில்லை. அந்த வீரர்கள் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கவில்லை. சில கணங்களில் மட்டுமே பாய்ந்தார்கள். அந்தக் கணங்களை எப்படிக் கண்டுகொண்டார்கள்? கேள்வி அதுதான்.

இரண்டு கடிகாரங்கள்

மைதானத்தில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு கடிகாரங்கள் ஓடுவதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்று எதிரியின் கடிகாரம். பந்து அவனை நோக்கிப் புறப்பட்டதிலிருந்து, அவன் அதை அடக்கி, தலை நிமிர்ந்து பார்த்து, அடுத்த பாஸைக் கொடுக்கும் வரை ஆகும் நேரத்தை அது காட்டுகிறது. மற்றொன்று உங்கள் கடிகாரம். நீங்கள் புறப்பட்டு, ஓடி, அவன் எதிரே கட்டுப்பாட்டோடு நிற்கும் வரை ஆகும் நேரம் அது. உங்கள் நேரம் குறைவாக இருந்தால் நெருக்கலாம். கூடுதலாக இருந்தால் நெருக்கக்கூடாது. இதில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். கீழே வருபவை கணக்கிற்காக நான் எடுத்துக்கொண்ட எளிய எண்கள். ஆளுக்கு ஆள் சற்று மாறும்.

முதலில் உங்கள் கடிகாரம். கண்ணால் கண்டதற்கு உடல் பதில் சொல்ல ஏறத்தாழ 0.25 வினாடி ஆகிறது. இதை எதிர்வினை நேரம் என்கிறோம். பிறகு வினாடிக்கு வினாடி 4 மீட்டர் என்ற முடுக்கத்தில் ஓடத் தொடங்குகிறீர்கள். 1.5 வினாடியில் உங்கள் வேகம் வினாடிக்கு 6 மீட்டர் ஆகிவிடும். இதற்குள் கடந்த தூரம்:

1/2 × 4 × 1.5 × 1.5 = 4.5 மீட்டர்.

இனி வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் போனால் நம் பையனின் கதிதான். வினாடிக்கு வினாடி 6 மீட்டர் என்ற எதிர்முடுக்கத்தில் நிற்க 1 வினாடியும் 3 மீட்டர் தூரமும் தேவை. ஆக மொத்தம்:

தூரம் = 4.5 + 3 = 7.5 மீட்டர்.
நேரம் = 0.25 + 1.5 + 1 = 2.75 வினாடி.

எதிரிக்கு 1.5 மீட்டர் முன்னால் நிற்பதே உங்கள் நோக்கம். எனவே 9 மீட்டர் தள்ளி இருப்பவனை நெருக்க 2.75 வினாடி தேவை என்று ஆகிறது.

அடுத்தது எதிரியின் கடிகாரம். 20 மீட்டர் தூரத்திலிருந்து அவனுக்கு ஒரு பாஸ் வருகிறது. அதன் சராசரி வேகம் வினாடிக்கு 10 மீட்டர். வந்து சேர 2 வினாடி. பந்தை அடக்கவும், பார்த்து முடிவெடுக்கவும் 1 வினாடி. மொத்தம் 3 வினாடி.

3-ஐ விட 2.75 குறைவு. எனவே நெருக்கலாம். ஆனால் எப்போது புறப்பட்டால்? பந்து பாஸ் கொடுப்பவனின் காலை விட்டுக் கிளம்பிய அதே கணத்தில் நீங்களும் புறப்பட்டால் மட்டுமே. பந்து அவனிடம் வந்து சேர்ந்த பிறகு புறப்பட்டால் 2 + 2.75 = 4.75 வினாடி ஆகிவிடும். நீங்கள் போய்ச் சேர்வதற்கு 1.75 வினாடி முன்பே பந்து வேறிடம் போயிருக்கும். ஓட்டமும் வீண், நீங்கள் விட்டுவந்த இடமும் காலி.

ஓட்டத்தில் சமமான இரு வீரர்களில் ஒருவர் பந்தைப் பறிப்பதும் மற்றவர் ஏமாறுவதும் இதனால்தான். நெருக்குதல் பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது தொடங்கும் வேலை. பந்து நின்ற பிறகு தொடங்கும் வேலை அன்று. இந்த ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி ஆட்டம் கைவந்துவிடும்.

எதிரியின் கடிகாரம் மெதுவாக ஓடும் வேளைகள்

மைதானத்தில் யாரும் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது. எனவே எதிரிக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும் வேளைகளை அடையாளங்களாகப் பழகி வைத்துக்கொள்ள வேண்டும்.

1. மெதுவான பாஸ். தரையோடு உதைக்கப்பட்ட பந்து முதலில் புல்லின்மேல் சறுக்குகிறது. உராய்வு அதன் வேகத்தைக் குறைத்து அதனைச் சுழலச் செய்கிறது. சறுக்கல் நின்று தூய உருளல் தொடங்கும்போது வேகம் எவ்வளவு இருக்கும்? கால்பந்து உள்ளீடற்ற கோளம். சுழற்சி இல்லாமல் கிளம்பிய அத்தகைய கோளம் உருளத் தொடங்கும்போது, தொடக்க வேகத்தில் ஐந்தில் மூன்று பங்கே மிஞ்சுகிறது. வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் கிளம்பிய பந்து 9 மீட்டர் வேகத்தில்தான் உருளும். பிறகும் புல் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எனவே அரைமனதாகத் தட்டிய பாஸ் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே தாமதிக்கும். மழை பெய்து புல் நனைந்திருந்தால் உராய்வு குறைவு. பந்து நெடுந்தூரம் சறுக்கி முன்னதாகவே போய்ச் சேரும். அன்று உங்கள் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள்.

2. உயரமான பந்து. 5 மீட்டர் உயரம் எழும் பந்துக்கு மேலே செல்ல 1 வினாடி, கீழே வர 1 வினாடி. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று கொண்டு நீங்களே சரிபார்க்கலாம். அதோடு, துள்ளும் பந்தை அடக்கத் தரையில் உருளும் பந்தைவிட நேரம் கூடுதலாக வேண்டும்.

3. முதுகு காட்டி நிற்பவன். அவன் முன்னோக்கி ஆட வேண்டுமானால் முதலில் திரும்ப வேண்டும். அதற்கு அரை வினாடியேனும் ஆகும். மேலும், நீங்கள் வருவதையே அவன் காணமாட்டான்.

4. மோசமான முதல் தொடல். பந்து காலில் பட்டு இரண்டு மீட்டர் தள்ளிப் போனால், அவன் அதைத் துரத்த வேண்டும். அந்த அரை வினாடி உங்களுடையது.

5. குனிந்த தலை. பந்து வரும்முன் இருபக்கமும் திரும்பிப் பார்த்துக்கொண்டவனுக்கு முடிவு முன்பே தயார். பந்து வந்ததும் அரை வினாடியில் பாஸ் போய்விடும். பார்க்காமல் பந்தையே நோக்கி நிற்பவனுக்கு ஒரு வினாடிக்கு மேலாகும். எனவே பந்தை மட்டும் பார்க்காதீர்கள். பந்தை வாங்கப் போகிறவனின் கழுத்தையும் பாருங்கள்.

6. பின்னோக்கிக் கொடுத்த பாஸ். பந்து பின்னோக்கிப் போகும் நேரம் முழுவதும் உங்கள் அணி முழுவதும் முன்னேறலாம். 1992-இல் கொண்டுவரப்பட்ட விதிப்படி, தன் அணி வீரர் வேண்டுமென்றே காலால் கொடுத்த பாஸை கோல் கீப்பர் கையால் தொடக்கூடாது. அதற்குமுன் கோல் கீப்பருக்குத் தள்ளிவிட்ட பந்து பத்திரமான பந்து. இப்போது அதுவே நெருக்குவதற்கு ஒரு மணியோசை.

வேகமான, துல்லியமான பாஸ் வந்தால் என்ன செய்வது? அதே 20 மீட்டரை 1 வினாடியில் கடக்கும் பந்து என்றால் எதிரியின் கடிகாரம் 1 + 1 = 2 வினாடிதான். உங்களுக்கோ 2.75 வேண்டும். கிளம்பாதீர்கள். கோலுக்கும் அவனுக்கும் நடுவே இடம் பிடித்து நில்லுங்கள்.

நிழலும் பக்கக் கோடும்

இரவில் மேசை விளக்கின் முன் கையை நீட்டிப் பாருங்கள். கை விளக்கிலிருந்து தள்ளி இருந்தால் சுவரில் நிழல் சிறிது. விளக்கை நெருங்க நெருங்க நிழல் பெரிது. பந்தை ஒரு விளக்காகவும், பாஸ்களை அதிலிருந்து கிளம்பும் ஒளிக்கதிர்களாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் உடல் அதில் ஒரு நிழலை வீழ்த்துகிறது. அந்த நிழலுக்குள் நிற்பவனுக்குத் தரையோடு பாஸ் போகாது.

கால்களை அகட்டி நிற்கும்போது நீங்கள் 1 மீட்டர் அகலத்தை மறைப்பதாகக் கொள்வோம். பந்திலிருந்து 8 மீட்டரில் நின்றால் நிழலின் கோணம் ஏறத்தாழ 7 பாகை. 2 மீட்டரில் நின்றால் 28 பாகை, நான்கு மடங்கு. நெருங்குவதன் பயன் இதுதான். நேர்கோட்டில் ஓடாமல் சற்று வளைந்து ஓடினால், மைதானத்தின் நடுப்பகுதியை நோக்கிய பாஸ் வழி ஓடும்போதே உங்கள் நிழலுக்குள் வந்துவிடும். அவனுக்கு மிஞ்சுவது பக்கக் கோட்டை நோக்கிய வழி மட்டுமே.

அந்தப் பக்கக் கோடும் உங்கள் அணிக்காகவே ஆடுகிறது. நடுமைதானத்தில் நிற்பவன் 360 பாகையிலும் பந்தை ஆடலாம். பக்கக் கோட்டின்மேல் நிற்பவனுக்கு 180 பாகை மட்டுமே. கார்னர் மூலையில் 90 பாகை. களைப்படையாத, ஏமாற்றவும் முடியாத ஒரு தடுப்பாட்டக்காரர் அந்தக் கோடு. எனவே ஓரத்தில் பந்து வாங்கியவனை நெருக்குவது லாபம். நடுவில் நிமிர்ந்து நிற்பவனை நெருக்குவது பெரும்பாலும் நட்டம்.

நிற்பதும் ஓர் ஆட்டமே

நெருக்கக்கூடாத வேளையில் சும்மா நிற்க வேண்டும் என்பதில்லை. எதிரியின் முன்னால் 1.5 அல்லது 2 மீட்டர் இடைவெளி விட்டு, முழங்காலை மடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சிறுசிறு அடிகளாகப் பின்வாங்க வேண்டும். ஏன் சிறு அடி? கால் தரையைத் தொட்டிருக்கும்போது மட்டுமே தரை உங்களைப் பக்கவாட்டில் தள்ள முடியும். இரண்டு காலும் காற்றில் இருக்கும் கணத்தில் நியூட்டனின் முதல் விதிதான் உங்களை நடத்துகிறது; எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தீர்களோ அதே திசையில்தான் போவீர்கள். பெரிய தாவலில் அந்தக் கணம் நீளம். கெட்டிக்கார ஃபார்வர்டு அதற்காகவே காத்திருக்கிறான்.

பாய்பவனின் உந்தத்தையும் பாருங்கள். 50 கிலோகிராம் நிறையுள்ள மாணவன் வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் வந்தால் உந்தம் 300 கிலோகிராம் மீட்டர்/வினாடி. அதை நிறுத்த 3 மீட்டர் தேவை என்று முன்பே கண்டோம். எதிரி பந்தைப் பக்கவாட்டில் இரண்டு முழம் தட்டக் கண்ணிமைக்கும் நேரம் போதும். கணக்கு யார் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

பின்வாங்குவதால் கிடைப்பது நேரம். நீங்கள் எதிரியை 3 வினாடி தாமதப்படுத்தினால், வினாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் திரும்பி ஓடிவரும் உங்கள் தோழன் 21 மீட்டர் வந்துவிடுவான். ஒருவருக்கு ஒருவர் என்றிருந்தது இருவருக்கு ஒருவர் என்றாகிவிடும். எதிரிகள் இருவர், நீங்கள் ஒருவர் என்றால் இது இன்னும் முக்கியம். ஒருவன்மேல் பாய்ந்தால் மற்றவனுக்குக் கோல் திறந்து கிடக்கும்.

ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. பெனால்டி பரப்பின் விளிம்பு கோல் கோட்டிலிருந்து 16.5 மீட்டர். வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் அடித்த பந்து அங்கிருந்து 0.66 வினாடியில் கோலுக்குள் போய்விடும். அந்த எல்லையை எதிரி நெருங்கும்போது இனியும் பின்வாங்கினால் கோல் கீப்பரைக் கைவிட்டதாகவே பொருள். அங்கே அவனை எதிர்த்து நின்றே ஆக வேண்டும். அப்போதும் பந்து அவன் காலை விட்டு விலகும் கணத்துக்காகக் கண்ணைப் பந்தின்மேல் வைத்திருங்கள். ஓடும் வீரன் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே பந்தை ஆள்வதில்லை. அந்த இடைவெளியில் அது யாருக்கும் சொந்தமில்லாத பந்து.

தனி ஆள் நெருக்குதல் வீண்

பாயில் விதியை நீங்கள் படித்திருப்பீர்கள். வெப்பநிலை மாறாமல் வாயுவின் கொள்ளளவைக் குறைத்தால் அழுத்தம் கூடும். கால்பந்திலும் இதை ஒத்த ஒன்று உண்டு. 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள மைதானத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். கோல் கீப்பர் நீங்கலாகப் பத்துப் பேர் அதைக் காப்பதென்றால் ஆளுக்கு 714 சதுர மீட்டர். ஒருவர் ஒரு சிறு வயலையே காக்க வேண்டிய நிலை! அதே பத்துப் பேர் 25 மீட்டர் நீளம், 40 மீட்டர் அகலத்துக்குள் ஒடுங்கி நின்றால் ஆளுக்கு 100 சதுர மீட்டர்தான். அழுத்தம் ஏழு மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். வாயு மூலக்கூறுகள் யோசிப்பதில்லை, ஆட்டக்காரர்கள் யோசிக்கிறார்கள் என்ற வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம்.

1989, 1990 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்ற மிலான் அணியின் பயிற்சியாளர் அரிகோ சாக்கி இந்த ஒடுக்கத்தையே பெரிதும் வலியுறுத்தினார். பந்தே இல்லாமல், பந்து இங்கே இருப்பதாகக் கற்பனை செய்து, பதினொருவரும் ஒரே கயிற்றில் கட்டியவர்கள் போல நகரும் பயிற்சியை அவர் கொடுத்தார். ஆஃப்சைடு விதி இதற்குத் துணை நிற்கிறது. தடுப்பு வரிசை முன்னேறினால், எதிரணி ஃபார்வர்டுகள் அதற்குப் பின்னால் போய்க் காத்திருக்க முடியாது.

இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. முன்னேறிய வரிசைக்குப் பின்னால் பெரிய வெற்றிடம் கிடக்கிறது. பந்து வைத்திருப்பவன் நெருக்கப்படாமல், தலை நிமிர்ந்து, நிதானமாக நிற்கிறான் என்றால், அவன் அந்த வெற்றிடத்தில் பந்தைத் தூக்கிப் போடுவான். எனவே பந்தின்மேல் நெருக்கம் இருந்தால் வரிசை முன்னேற வேண்டும்; நெருக்கம் இல்லையென்றால் வரிசை பின்வாங்க வேண்டும். நீங்கள் ஒருவர் பாய்கிறீர்கள், மற்றவர் நிற்கிறார்கள் என்றால் எதிரிக்குப் பாஸ் கொடுக்க ஒரு வழி உங்கள் பக்கத்திலேயே திறந்திருக்கும். பாய்வதற்குமுன் ஒரு பார்வை: என் தோழர்கள் அருகில் இருக்கிறார்களா?

இங்கே அறிவியலோடு நேரடியான தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். பொறியியல் பயின்ற வலேரி லோபனோவ்ஸ்கி, டைனமோ கீவ் அணியைப் பயிற்றுவித்தபோது, அனடோலி ஸெலன்ட்சோவ் என்ற அறிவியலாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆட்டத்தை எண்களால் ஆராய்ந்தார். அந்த அணி 1975-இலும் 1986-இலும் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையைக் கைப்பற்றியது.

பந்தை இழந்த கணம்

நெருக்குவதற்கு மிக நல்ல வேளை ஒன்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. உங்கள் அணி பந்தை இழந்த அதே கணம்தான் அது. மனம் சோர்ந்து நிற்கும் வேளை. ஆனால் எதிரியின் நிலையை எண்ணிப் பாருங்கள். பந்தைப் பறித்தவன் அதற்காகவே முழு முயற்சியைச் செலவிட்டிருக்கிறான். அவன் கண் பந்தின்மேல்; உடல் சமநிலையில் இல்லை. அவன் தோழர்கள் இன்னும் பரவி ஓடத் தொடங்கவில்லை. உங்கள் ஆட்கள் பந்தின் அருகிலேயே இருக்கிறார்கள். எதிரியின் கடிகாரம் மிக மெதுவாக ஓடும் வேளை இது.

2008 முதல் 2012 வரை பெப் குவார்டியோலா பயிற்றுவித்த பார்சிலோனா அணி, பந்தை இழந்ததும் சில வினாடிகள் மட்டும் கடுமையாக நெருக்கும். பந்து கிடைக்காவிட்டால் பின்வாங்கி ஒழுங்காக நிற்கும். யூர்கன் குளோப் பயிற்றுவித்து 2011, 2012-இல் ஜெர்மன் சாம்பியன் ஆன போருசியா டார்ட்மண்டு அணியும் இந்த முறைக்குப் பெயர் பெற்றது.

எப்போதும் நெருக்கினால் என்ன?

கெட்டிக்கார மாணவர் ஒருவர் கேட்கலாம்: “கணக்கெல்லாம் எதற்கு? எப்போதும் பாய்ந்துகொண்டே இருந்தால் எப்போதாவது பந்து கிடைக்காதா?” ஆற்றல் கணக்கு இதற்குப் பதில் சொல்கிறது. 50 கிலோகிராம் நிறையுள்ள நீங்கள் வினாடிக்கு 6 மீட்டர் வேகம் பெற வேண்டிய இயக்க ஆற்றல்:

1/2 × 50 × 6 × 6 = 900 ஜூல்.

இது உங்களையே 1.8 மீட்டர் உயரம் தூக்குவதற்குச் சமம். நிற்கும்போது இந்த ஆற்றல் திரும்பக் கிடைப்பதில்லை. ஓர் ஆட்டத்தில் 40 முறை பாய்ந்தால் 72 மீட்டர் உயரம் ஏறியதாகக் கணக்கு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்தையும் மிஞ்சிவிடும். தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே இயக்கமாக மாற்றுகின்றன என்பதால் உண்மைச் செலவு இன்னும் அதிகம்.

அதைவிட முக்கியமானது ஒன்று. திடீர்ப் பாய்ச்சலுக்கு உடனடி ஆற்றல் தருவது தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள். அது சில வினாடிகளில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மீண்டும் நிரம்பச் சில நிமிடங்கள் ஆகும். பயனற்ற பாய்ச்சலில் அதைக் கரைத்தவர், பயனுள்ள வேளை வரும்போது கால் எழாமல் நிற்பார்.

செய்து பாருங்கள்

30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை நண்பன் செங்குத்தாகப் பிடித்திருக்கட்டும். அதன் பூஜ்யக் குறிக்கு இருபுறமும் உங்கள் விரல்களைத் தொடாமல் வையுங்கள். அவன் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் ஏறத்தாழ 0.17 வினாடி, 20 சென்டிமீட்டர் என்றால் 0.20 வினாடி, 30 என்றால் 0.25 வினாடி.

இப்போது இரண்டு கைக்கும் இரண்டு அளவுகோல்களை வைத்து, அவன் எதை விடுகிறானோ அதை மட்டும் பிடியுங்கள். நேரம் கூடுவதைக் காண்பீர்கள். தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் மூளைக்கு நேரம் கூடுதலாகத் தேவை. பந்து வருமுன்பே ‘இப்படி வந்தால் பாய்வேன், அப்படி வந்தால் நிற்பேன்’ என்று தீர்மானித்து வைத்துக்கொள்பவர் இந்த நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்.

கணக்குகள்: எல்லாவற்றிலும் எதிரிக்குப் பந்தை ஆள 1 வினாடி, நீங்கள் நெருக்க 2.75 வினாடி.

1. 24 மீட்டர் பாஸ். சராசரி வேகம் வினாடிக்கு 12 மீட்டர். உடனே புறப்பட்டால் நெருக்கலாமா? அரை வினாடி தயங்கினால்?

2. 7.2 மீட்டர் உயரம் எழுந்து இறங்கும் பந்து. நெருக்கலாமா? (ஈர்ப்பு முடுக்கம் 10 என்று கொள்க.)

3. வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருபவர் அதே 6 மீட்டர் எதிர்முடுக்கத்தில் நிற்க எவ்வளவு தூரம் தேவை?

விடைகள்: 1. எதிரிக்கு 3 வினாடி. உடனே புறப்பட்டால் 0.25 வினாடி மிச்சம், நெருக்கலாம், தயங்கினால் 3.25 வினாடி, கூடாது. 2. பந்து காற்றில் 2.4 வினாடி, மொத்தம் 3.4, நெருக்கலாம். 3. ஏறத்தாழ 5.3 மீட்டர், வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்குத் தூரம் ஏறத்தாழ இரு மடங்கு.

முடிவாக, அந்தப் பையனுக்கு வருவோம். அவன் செய்த இரண்டு காரியமும் நல்ல காரியங்களே. முதுகு காட்டி, துள்ளும் பந்தோடு போராடியவன்முன் அவன் பொறுத்து நின்றான். நேர்முகமாக, பந்தைக் கட்டுக்குள் வைத்து வந்தவன்மேல் பாய்ந்தான். வரிசைதான் மாறிப்போயிற்று. “நீ கோழையும் இல்லை, முரடனும் இல்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்” என்று அவனிடம் சொன்னேன். மண்ணில் குச்சியால் கோடு கிழித்து மேற்சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டினேன். கோல் கீப்பரும் வந்து எட்டிப் பார்த்தான்.

மறுவாரம் போனபோது அவன் அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தான். பாஸ் கிளம்பியதும் கோல் கீப்பர் பின்னாலிருந்து “போ!” என்றோ “நில்!” என்றோ குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். திட்டு ஒன்றும் காதில் விழவில்லை.